எதையும் ஊதிப் பார்க்கும் நானா

உலகத்தில் நின்றுபோகும் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் என்று மனதார நம்பிய மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பஸ் நின்றாலும், மணிக்கூடு நின்றாலும், பேசி முடித்த கலியாணம் பாதியில் நின்றாலும், கட்டுகஸ்தோட்டையில் எங்கள் சந்தின் உச்சியிலிருந்து ஒரு குரல் வரும்: "தம்பி, அது காபரேட்டர்!"

அவருடைய சொந்தப் பெயர் அவருக்கும் அடையாள அட்டைக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். தபால்காரர் உட்பட எங்கள் எல்லோருக்கும் அவர் காபரேட்டர் நானா; நானா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம் பேச்சில் அண்ணன். மெக்கானிக் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயுள் முழுக்கப் புடவைக் கடை நடத்திய மனிதர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கலாம் என்று வந்தார். இருக்கத்தான் தெரியவில்லை. தேத்தண்ணீரை நின்றுகொண்டே குடிப்பார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஒரு கால் வாசலைப் பார்த்தபடி இருக்கும். தொலைபேசியில் யாராவது அழைத்தால் பேசிக்கொண்டே நடந்து மகாவலிப் பாலத்தைத் தாண்டிவிடுவார். பேசி முடித்ததும், இங்கே எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி, சந்தின் அடியில் நான் ஆட்டோ ஓட்டும் த்ரீவீல் ஸ்டாண்டுக்கு வந்து, "என்னை ஊட்டுல கொண்டு போய் உடு தம்பி" என்பார். இறங்கும்போது இன்னொரு அழைப்பு வந்தால் திரும்பவும் பாலம்.

அந்த அவசரக் கைகளுக்குக் கிடைத்த விளையாட்டுச் சாமான்தான் அந்தப் பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள். நானாவின் வாப்பா, அதாவது தகப்பனார், வாங்கியது. கறுப்பு நிறம், வெள்ளித் தொட்டி, எருமை மாடு செருமுவது போல ஒரு சத்தம். அதில் நானாவுக்குப் பிடித்தது பெற்றோல் தொட்டியும் இல்லை, இருக்கையும் இல்லை. பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து இன்ஜினுக்கு ஊட்டிவிடும் அந்தக் கைப்பிடி அளவு உலோகக் கிண்ணம், அதாவது காபரேட்டர். அதற்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு. அதன் நடுவில் தென்னை ஈர்க்கின் நுனி மட்டும் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் ஒரு தூசி உட்கார்ந்தால் பைக் செத்துவிடும்.

"பாரு தம்பி, இம்மாம் பெரிய சாமானுக்கு உசிரு இந்த ஓட்டையிலதான் ஈக்கி," என்று, 'இருக்கு' 'ஈக்கி'யாகும் தன் பேச்சில் சொல்லி, கண்ணருகே பிடித்துக் காட்டுவார். எனக்கு அவருடைய கண்தான் தெரியும்.

இந்த ஒரு ஓட்டை அவரை முழுதாகப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவரால் உலகத்தில் எந்த ஓட்டையையும் அடைபட்டிருக்க விட முடியவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கட்டு ஈர்க்கு இருக்கும். தேத்தண்ணீர்க் கடையில் உப்புப் போத்தலைக் கண்டால் எடுப்பார், ஈர்க்கால் குத்துவார், 'பூ' என்று ஊதுவார், வைப்பார். பக்கத்து மேசைக்காரரின் பராட்டா மேல் உப்பு மழை பெய்யும். பள்ளிவாசல் குழாய்கள், அடுத்த வீட்டுப் பூவாளி, மருந்துக் கடைக்காரரின் பேனா மூடி, எதுவும் தப்பவில்லை. ஒருமுறை நெஞ்சுச் சளிக்கு டொக்டரிடம் போனவர், டொக்டர் நெஞ்சில் குழாயை வைக்கும்போது சொன்னாராம்: "டொக்டர், அத ஒருக்கா ஊதிட்டு வைங்க. அடைச்சீந்தா எனக்கு சளி இல்ல எண்டு சொல்லிப் போடுவீங்க."

ஆனால் மனிதர்களைப் பற்றி அவர் சொன்ன காபரேட்டர் வைத்தியங்கள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். எப்போதும் கோபப்படும் பஸ் கண்டக்டரைப் பற்றி: "ஆள் நல்லவன். சும்மா நிக்கிற நேரத்து ஐட்லிங்கதான் எவனோ கூட்டி வச்சீக்கான்." என் மகள் சோதனைக்கு இரவும் பகலும் படித்துத் தலைவலியில் விழுந்தபோது வீடு தேடி வந்து சொன்னார்: "பெற்றோல அள்ளி ஊத்தீக்கிறீங்க தம்பி, காத்து எங்க? புள்ளைய ரெண்டு நாள் வெளாட உடுங்க." விட்டோம். தலைவலி போய்விட்டது. "பாத்தியா?" என்றார்.

பைக் விஷயத்தில் மட்டும் வைத்தியம் பலிக்கவில்லை. அந்தக் கதை ஒரு மழையில் தொடங்கியது.

கண்டி மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலிருந்து மட்டும் பெய்தால் சமாளிக்கலாம், நாலு பக்கத்தாலும் பெய்யும். அப்படி ஒரு மழைக்கு மறுநாள் பைக் இருமி இருமி நின்றது. நானா காபரேட்டரைக் கழற்றிப் பார்த்தால், கிண்ணத்தின் அடியில் தண்ணீர் முத்துப்போல உருண்டுகொண்டிருந்தது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? தேடியவர், பெற்றோல் தொட்டியின் மூடியில் ஒரு சின்ன ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

ஸ்டாண்டுக்கு ஓடோடி வந்தார். "தம்பி, எவனோ ஒரு மடையன் மூடியில ஓட்டை போட்டீக்கான்! மழத்தண்ணி நேரா உள்ளுக்குப் போகுது!"

"அப்ப என்ன நானா செஞ்சீங்க?"

"உள்பக்கமா உடுப்புச் சவர்க்காரத்த வச்சி அமத்திட்டன். பெற்றோல்ல சவர்க்காரம் கரையாது. இனி அந்தப் பக்கம் ஒரு சொட்டுப் போகாது!"

பழைய லொறிக்காரர்கள் பெற்றோல் தொட்டி ஒழுகினால் சவர்க்காரத்தை, அதான் சோப்பை, பூசுவதை நாங்களும் பார்த்திருக்கிறோம். "சரியான வேலை நானா," என்று ஸ்டாண்டே பாராட்டியது.

அதிலிருந்து பைக்குக்கு ஒரு புது வியாதி. வீட்டிலிருந்து சிங்கம் மாதிரிப் புறப்படும். கொஞ்சத் தூரம் போனதும் மூச்சு வாங்கும், விக்கும், நின்றுவிடும். நானா இறங்கி முதலில் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். "பெற்றோல் ஈக்கி." மூடியை இறுக்கி மூடுவார். பிறகு வீதியோரத்தில் துண்டை விரித்துக் காபரேட்டரைக் கழற்றுவார். ஆணிகளும் வோஷர்களும் வெற்று யோகட் கப்புகளில் வரிசையாக உட்காரும். ஜெட்டைக் குத்துவார், ஊதுவார், சூரியனுக்குப் பிடித்துப் பார்ப்பார், மறுபடி ஊதுவார். எல்லாவற்றையும் பூட்டி ஓர் உதை. ஸ்டார்ட்!

"பாத்தீங்களா? காபரேட்டர்!"

மறுபடி கொஞ்சத் தூரம். மறுபடி நிற்கும். மறுபடி துண்டு, யோகட் கப், 'பூ'. கட்டுகஸ்தோட்டைக்கும் கண்டிக்கும் இடையில் நானா துண்டு விரிக்காத மரநிழல் கிடையாது. பஸ் டிரைவர்கள் ஜன்னலால் தலையை நீட்டி, "நானா, இன்னிக்கு இங்கயா கடை?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

எங்களுக்கெல்லாம் அது வேடிக்கை. நானாவின் மனைவிக்கு அப்படி இல்லை. அக்கா என்ற பொருளில் ராத்தா என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். சிரித்துக்கொண்டே ஆளை உரிக்கக்கூடியவர். அவருடைய தம்பி பேராதனை ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சைக்குப் படுத்திருந்தபோது பார்க்கப் போனார்கள். பைக் நின்று, துண்டு விரித்து, ஊதி முடித்துப் போய்ச் சேரும்போது பார்வையாளர் நேரம் முடிந்து வாசல் மூடியாயிற்று. ராத்தா கையில் சூப் போத்தலோடு வெளியே நின்றிருக்கிறார். மறுநாள் தம்பி நன்றாகத்தான் இருந்தார். ஆனால் ராத்தாவுக்கு அந்த வாசல் மறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஓர் ஆள் வந்து சேர்ந்தார். பழைய பைக் வாங்கி ஹோட்டல்களுக்கு அலங்காரத்துக்குக் கொடுப்பவராம். பெற்றோலை வடித்து, காபரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பளபளவென்று வர்ணம் பூசி, வாசலில் சீமெந்தில் பதித்துவிடுவார்களாம். இதைக் கேட்ட நானாவின் முகத்தை நான் பார்த்தேன். உயிரோடு யாரையோ அடக்கம் செய்யப் போவதாகச் சொன்ன மாதிரி இருந்தது.

கலகெதரையில் ராத்தாவின் தங்கை மகளுக்குக் கலியாணம் வந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கலந்து அவிக்கும் வட்டிலப்பம் ராத்தாவின் பொறுப்பு. வட்டிலப்பத் தட்டுகளோடு த்ரீவீலில் போவதாக ஏற்பாடு. நானா குறுக்கே விழுந்தார்.

"ஒன்னைய கலியாணம் முடிச்சி இதே பைக்லதானே கூட்டி வந்த. அதே பாதைல ஒருக்காத் திருப்பிக் கூட்டிப் போறனே."

ராத்தா இடுப்பில் கை வைத்தார். "சரி, நானும் ஏறுறன். ஆனா கேட்டுக்கோங்க. கலகெதரக்கி போய்ச் சேருற வரக்கும் நிக்காமப் போனா இந்தச் சாமான் உங்கட. நடுவுல ஒரு தரம் நிண்டாலும் கொழும்பு ஆள்ட. நானே கோல் எடுத்துச் சொல்லிருவன். சம்மதமா?"

நானா பைக்கின் தொட்டியை ஒருமுறை தடவினார். "சம்மதம்," என்றார். அவர் ஒரே சொல்லில் பதில் சொன்னதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"தம்பி, நீ வட்டிலப்பத்தோட பொறகால வா," என்றார் ராத்தா என்னிடம். "இவர் நிண்டா நான் வட்டிலப்பத்தோட ஏறிக்குவன்."

கலியாண நாள் வரைக்கும் சந்தில் 'பூ' சத்தம் ஓயவில்லை. ஜெட்டை ஊதி ஊதி, அந்த ஓட்டையே பயந்து அகன்றிருக்கும். அன்று காலை நானா வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் உடுத்து, அத்தர் பூசி, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். சட்டைப் பையில் ஈர்க்குக் கட்டு மட்டும் அப்படியே இருந்தது. ராத்தா நீலப் புடவையும் முக்காடும் அணிந்து பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

பாலத்தைத் தாண்டினோம். பைக் சிங்கமாகப் போனது. நான் பின்னால், வட்டிலப்பம் தளும்பாமல், மனதுக்குள் எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன். ஒரு ஏற்றம் போனது. இரண்டாவது ஏற்றமும் போனது. நானா கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். காட்டியிருக்கக் கூடாது. அடுத்த ஏற்றத்தின் நடுவில் பைக் விக்கியது, இருமியது, ஒரு கித்துள் மரத்தடியில் நின்றது.

ஒரு பஸ் எங்களைக் கடந்து புகை விட்டுப் போனது. நானா பைக்கைத் தாங்கியபடி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு, பழக்க தோஷம், மூடியைத் திறந்தார்.

'உஸ்ஸ்ஸ்.'

"என்ன அந்தச் சத்தம்?" என்றார் ராத்தா.

"எது?"

"புது ஜாம் போத்தல் தொறந்த மாதிரி."

"பெற்றோல் ஈக்கி," என்றார் நானா, அதே குனிந்த தலையோடு. கை துண்டைத் தேடிப் போயிற்று.

ராத்தா பட்டென்று அவர் கையிலிருந்த மூடியைப் பிடுங்கினார். "துண்ட விரிச்சீங்களோ, நான் இங்கயே குந்திருவன். கலியாண ஊட்டுல சனம் பாத்துக்கிட்டு ஈக்கி. கழட்டவும் வேணாம், ஊதவும் வேணாம். ஒதைங்க!"

"கழட்டாம எப்பிடிப் புள்ள…"

"ஒதைங்க எண்டு சொல்றன்!"

நானா உதைத்தார். ஒரே உதை. பைக் செருமிக்கொண்டு கிளம்பியது.

அவருடைய முகம் போன போக்கை எழுத எனக்கு வார்த்தை இல்லை. எங்கள் பக்கம் திரும்பி, "நான் தொடவே இல்லயே… தம்பி, நான் காபரேட்டரத் தொடவே இல்லயே!" என்றார். ஏதோ பைக் தனக்குத் துரோகம் செய்த மாதிரி.

"ஏறுங்க!" என்றார் ராத்தா.

ஏறினார்கள், பறந்தார்கள். அந்த அவசரத்தில் மூடி ராத்தாவின் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது. அது யாருக்கும் நினைவில்லை. எனக்கு முன்னால் ஒவ்வொரு வளைவிலும் பெற்றோல் வாசம் வந்தது. நான் நானாவின் புது அத்தர் என்று நினைத்தேன்.

கலகெதரை வரை பைக் நிற்கவேயில்லை. விக்கக்கூட இல்லை.

கலியாண வீட்டு வாசலில் இறங்கிய நானாவின் வெள்ளைச் சாரம் முழங்கால் வரை பெற்றோல். வரவேற்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். ஒருவர் வாயிலிருந்த சிகரெட்டைக் காலால் நசுக்கிவிட்டு ஸலாம் சொன்னார். ராத்தா முக்காட்டைச் சரிசெய்யக் கையை விரித்தபோதுதான் மூடி வெளியே வந்தது.

"யா அல்லாஹ், இது என்ட கையிலயா ஈந்திச்சி!" என்றவர், கையை முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்தார். மறுபடி முகர்ந்தார். "பெற்றோல் மணக்குறது சரி. சவர்க்காரம் ஏன் மணக்குது?"

அவருடைய வியர்வையில் சவர்க்காரம் இளகிப் போயிருந்தது. ராத்தா முக்காட்டிலிருந்து ஓர் ஊசியைக் கழற்றி மூடியின் நடுவில் குத்தினார். ஊசி அந்தப் பக்கம் வந்தது. ஊசியின் முனையில் ஒரு வெள்ளைத் துளி.

"இந்த ஓட்டைய அடைச்ச ஆள் யாரு?"

மூடியின் அந்த ஓட்டை காற்று போவதற்கு. காற்று உள்ளே போனால்தான் பெற்றோல் கீழே இறங்கும். அடைத்துவிட்டால் கொஞ்சத் தூரத்தில் தொட்டி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறந்து பார்க்கிற அந்த நிமிஷத்தில் மூச்சு திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு நடந்த துண்டும், யோகட் கப்பும், ஈர்க்கும், ஊதலும் எல்லாம் சும்மா. ஊரிலுள்ள உப்புப் போத்தல், பேனா மூடி, பூவாளி எல்லாவற்றுக்கும் மூச்சு விட்டவர், தன் பைக்கின் மூக்கை மட்டும் தன் கையாலேயே பொத்தி வைத்திருந்தார்.

நானா மூடியை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உதட்டருகே கொண்டுபோய் மெல்ல ஊதினார். காற்று போனது.

விருந்துக்கு நடுவே நானாவின் தொலைபேசி அடித்தது. கொழும்பு ஆள்; பந்தயம் அவர் காதுக்கும் போயிருந்தது. நானா அதை எடுக்காமல், தண்டனை கேட்கப் போகிறவர் போல ராத்தாவிடம் நீட்டினார். பந்தியில் எதிரே நான் சோற்றுக் கையோடு நிமிர்ந்தேன்.

"ஓ, சொல்லுங்க," என்றார் ராத்தா. "பைக்கா? நிண்டதா? இல்லயே, அது எங்கயும் நிக்கல்லயே." சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். "வேணுமெண்டா பொறகால வந்த த்ரீவீல்காரத் தம்பிட்ட கேளுங்க."

தொலைபேசி என் காதுக்கு வந்தது. "நான் வட்டிலப்பத்தையே பாத்துக்கிட்டு வந்தேங்க," என்றேன். "ரோட்டப் பாக்கல."

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. பைக் சுகமாகிவிட்டது, நானா சுகமில்லாமல் போனார்.

காலையில் ஏறுவார், கண்டிக்குப் போவார், திரும்பி வருவார். எங்கும் நிற்காது. ஸ்டாண்டுக்கு வந்து, "ஓடுது," என்பார், மரணச் செய்தி சொல்வதுபோல. கழற்ற ஒன்றும் இல்லாத கைகள் வீட்டுக்குள் புகுந்தன. சோறு வேகும் குக்கரின் மூடியைக் கழற்றினார், விசில் காணாமல் போனது. காஸ் அடுப்பின் ஓட்டைகளை ஈர்க்கால் குத்தினார், நெருப்பு கூரையைத் தொடப் பார்த்தது. ராத்தாவின் தையல் மெஷின் யோகட் கப்புகளுக்குள் உட்கார்ந்தது, முழுதாகத் திரும்பி வரவில்லை. பிறகு அதுவும் அலுத்தது. ஒருநாள் போனேன், மனிதர் கதிரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் தரையில். தேத்தண்ணீர் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன நானா, சுகமில்லையா?"

"ஒண்டுமில்ல தம்பி. சும்மா ஈக்கிறன்."

வெளியே வரும்போது ராத்தா வாசலில் நின்றார். "இந்த மனுசன் சும்மா ஈக்கிறத என்னால பாக்க ஏலாது தம்பி," என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலை சந்து உச்சிக்கு ஒருவரை இறக்கப் போனேன். ராத்தா பைக் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். பெற்றோல் மூடி ஒரு கையில். மற்றக் கையின் பெருவிரல் அதன் உள்பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தது. காற்றில் உடுப்புச் சவர்க்காரம் மணத்தது. என்னைக் கண்டும் விரலை எடுக்கவில்லை.

"நீ ரோட்டப் பாக்காத ஆள்தானே?" என்றார்.

"ஆமா ராத்தா."

"அப்ப இதையும் பாக்கல்ல."

பின்னேரம் பைக் எங்கள் ஸ்டாண்டுக்கு எதிரே விக்கியது, இருமியது, நின்றது. நானா இறங்கினார். மூடியைத் திறந்தார். 'உஸ்' என்றது. மூடியைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஈர்க்குக் கட்டு சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு குத்துப் போதும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நானா தலையைத் தூக்கிச் சந்தின் உச்சியைப் பார்த்தார். அங்கே அவர் வீட்டு ஜன்னலில் திரை சட்டென்று விழுந்தது. அவருடைய தாடிக்குள் ஏதோ அசைந்தது. மூடியை அப்படியே திரும்ப வைத்து நன்றாக இறுக்கினார். மரத்தடியில் துண்டை விரித்தார். யோகட் கப்புகளை வரிசையாக வைத்தார்.

"தம்பி!" என்றார். பழைய குரல்.

"சொல்லுங்க நானா."

"காபரேட்டர்."

"வேற என்னவா இருக்கப் போகுது நானா," என்று சொல்லிவிட்டு, சவாரிக்கு வந்தவரை அடுத்த த்ரீவீலுக்கு அனுப்பினேன். அந்தச் சின்ன ஆணிகள் உருண்டு சாக்கடைக் கானுக்குள் விழாமல் பிடித்துக்கொள்ள யாராவது பக்கத்தில் உட்கார வேண்டாமா?